ஹமா நகரத்து அபுல்பிதா

உலகில் மக்கள் எய்தும் உடைமைகள் இருவகைப்படும். ஒருவகை, பிறர் தர வருவது. மற்றொருவகை, தாமே முயன்று ஆக்கிக்கொள்வது. நாடு, நகர், பட்டம், பதவி என்பன முதல்வகையைச் சாரும். தந்தவர் வேண்டிய பொழுதில் அவற்றை மீட்டுக்கொள்ளவுங் கூடும். கல்வியும், கல்வியின் பயனாய்ப் பிறக்கும் நூலும் இரண்டாம் வகையைச் சாரும். இவற்றைப் பறிக்க வல்லார் ஒருவருமிலர். இவ்வுண்மையை நாம் அனைவரும் இளம்பருவத்திலேயே கேட்டிருக்கின்றோம். ஆயினும், அரசகுடியிற் பிறந்த ஒருவர் தம் வாழ்நாளையே சான்றாக வைத்து இதனை மெய்ப்பித்துக் காட்டினார் எனின், அவர் வரலாறு மாணவர் சிந்தைக்கு மிகவும் உரியதன்றோ? அத்தகையார் ஒருவரே, சிரியா தேசத்து ஹமா மாகாணத்தை ஆண்ட இளவரசர் அபுல்பிதா. அவர் பாசறையில் வளர்ந்தார். தம் குலத்துக்குரிய நாடு கைவிட்டுப் போகக் கண்டார். பதினோராண்டு பொறுத்திருந்து அதனைத் திரும்பப் பெற்றார். பெற்ற பின்னரும் அதனையே பெரும்பேறென்று எண்ணி வாளாவிராது, நூலாக்கத்தில் தம் அறிவைச் செலுத்தினார். அவர் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

குடியும் பிறப்பும்

இவரது இயற்பெயர் இஸ்மாயில் இப்னு அலி என்பது. அபுல்பிதா என்பது மீட்பின் தந்தை எனப் பொருள்படும் சிறப்புப் பெயர். பலியினின்று மீட்கப்பட்ட மைந்தர் இஸ்மாயிலே என்பது முஸ்லிம்களின் கொள்கையாதலின், அப்பெயருடையாரை அபுல்பிதா என்றழைத்தல் அராபியர் வழக்கம். பிற்காலத்து ஐரோப்பிய அறிஞர் அப்பெயரை அபுல்பெதா எனத் திரித்து வழங்கினர்.

1187-ஆம் ஆண்டில் எருசலேமைச் சிலுவைப் போராளரிடமிருந்து கைப்பற்றிய பேரரசர் சலாஹுத்தீனை அறியாதார் இலர். அவர்தம் உடன்பிறந்தான் மகனாகிய தக்கியுத்தீன் உமருக்கு 1178-ஆம் ஆண்டில் ஹமா நகரையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் அளித்தார். அவ்வுமரின் வழியில் நான்காந் தலைமுறையில் தோன்றியவர் அபுல்பிதா. சலாஹுத்தீனுக்குப் பின் அவர் குலத்தார் பல கிளைகளாய்ப் பிரிந்து சிரியாவின் நகரங்களை ஆண்டனர். 1250-ஆம் ஆண்டில் எகிப்து தேசம், அடிமைகளாய் வாங்கப்பெற்றுப் போர்வீரராய்ப் பயிற்றப்பெற்ற மம்லூக்குகளின் கைக்கு மாறிற்று. 1258-இல் மங்கோலியர் பக்தாது நகரை அழித்துச் சிரியாவினுள் வெள்ளம்போற் பாய்ந்தனர். இவ்விரு பெருஞ் சக்திகளுக்கும் இடையில் அகப்பட்டு அக்குலத்தின் கிளைகள் ஒவ்வொன்றாய் மறைய, சிரியாவில் ஹமாக் கிளை ஒன்றே எஞ்சியது. அதுவும் கெய்ரோவிலிருந்த மம்லூக்கு சுல்தானுக்கு அடங்கி, அவர் அழைத்தபோது படையுடன் சென்று, அவர் தயவால் நிலைத்திருந்தது.

1273-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அபுல்பிதா பிறந்தார். பிறந்த இடம் ஹமா அன்று, தமஸ்கு நகரம். மங்கோலியர்க்கு அஞ்சி அவருடைய தந்தையார் அல்-அப்தல் அலி குடும்பத்துடன் அங்கே ஒதுங்கியிருந்தார். தந்தையார் ஹமாவை ஆண்ட மன்னருக்கு இளையவர். ஆதலின் அபுல்பிதா முடிக்குரிய நேர்வழியிற் பிறந்தவர் அல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஹமா நகரம்

இந்நகரம் மிகப் பழமையானது. வேதாகமத்தில் ஆமாத் என வழங்குவது இதுவே. இதன் ஊடே ஓடும் ஆற்றைக் கிரேக்கர் ஓரண்டீஸ் என்றனர். அராபியர் ஆசி என்பர். ஆசி என்னும் சொல்லுக்கு அடங்காதது அல்லது கலகக்காரன் என்பது பொருள். தெற்கே தோன்றி வடக்கு நோக்கி ஓடுதலின் தலைகீழாறு எனவும் இதற்குப் பெயருண்டு. அடங்காதது என்னும் பெயர் வந்த காரணத்தை அபுல்பிதாவே தம் நூலில் எழுதியுள்ளார். ஏனைய ஆறுகள் தாழ்நிலங்களிற் பாய்ந்து தாமாகவே கரையோர வயல்களை நனைக்கும். ஹமா ஆறோ ஆழத்திற் செல்வதால், பொறிகளைக் கொண்டு வலிந்து மேலேற்றினாலன்றி நிலத்திற்கு நீர் தாராது என்கிறார். இதன்பொருட்டே ஆற்றங்கரையெங்கும் பெரிய மரச்சக்கரங்கள் நிறுவப்பட்டன. ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுழற்ற, அதன் விளிம்பிலுள்ள பெட்டிகள் நீரை முகந்து மேலே கட்டப்பட்ட கால்வாயிற் சொரியும். இரவும் பகலும் அச்சக்கரங்கள் முனகும் ஓசை அந்நகரத்தாருக்குப் பழகிய இசையாகும். தானாக வாராத நீரை முயற்சியால் மேலேற்றும் இந்நகரம், அபுல்பிதாவின் வாழ்க்கைக்கு ஏற்ற இருப்பிடமே.

பாசறையிற் கழிந்த இளமை

இளமையிலேயே இவர் குர்ஆனும் பிற கலைகளும் கற்கத் தொடங்கினார். ஆயினும் கல்விக்கூடத்தின் அமைதி இவருக்கு வாய்க்கவில்லை. 1285-ஆம் ஆண்டில், பரிசுத்த யோவான் சபை வீரரின் வலிய அரணாகிய மர்க்கப் கோட்டையைச் சுல்தான் கலாவூன் முற்றுகையிட்டபோது, தந்தையாருடன் இவரும் சென்றார். தாம் கண்ட முதற்போர் அதுவே என்றும், அப்போது தமக்கு வயது ஏறக்குறையப் பன்னிரண்டு என்றும் பின்னர் எழுதியிருக்கின்றார். நம் நாட்டுப் பிள்ளைகள் கல்விச்சாலையின் கீழ்வகுப்பில் இருக்கும் வயதில் இவர் கோட்டைமதில் இடிவதைக் கண்டு நின்றார்.

நான்காண்டு கழித்து, 1289-இல், சிரியாக் கடற்கரையிலுள்ள திரிப்போலி நகரம் வீழ்ந்தது. அராபியர் பரங்கியர் என்று வழங்கிய ஐரோப்பிய மக்களிற் பலர், நகருக்கு எதிரேயிருந்த சிறு தீவிற்குத் தப்பியோடினர். அங்கே பரிசுத்த தோமாவின் பெயரால் ஒரு கோயில் இருந்தது. வென்ற படையினர் குதிரைகளைக் கடலில் நீந்தவிட்டு அத்தீவை அடைந்து, ஆடவரைக் கொன்று பெண்டிரையும் பிள்ளைகளையும் சிறைப்பிடித்தனர். கொலையும் கொள்ளையும் ஓய்ந்த பின்னர், பதினைந்து வயதினரான அபுல்பிதா ஒரு படகிலேறி அத்தீவிற்குச் சென்று பார்த்தார். எங்கும் பிணங்கள் அழுகிக் கிடந்தன. நாற்றத்தால் அவ்விடத்தில் நிற்றலும் அரிதாயிற்று. இதனை அவர் ஒளியாமல் தம் வரலாற்று நூலிற் பதிந்துள்ளார். தம்மவர் வெற்றியைப் பாடுவதே அரசவை நூலோரின் இயல்பாயிருந்த காலத்தில், வெற்றியின் மறுபுறத்தையும் கண்டு கண்டபடி எழுதி வைத்தமையே இவரை வரலாற்றாசிரியர் என்னும் பெயருக்கு உரியவராக்கிற்று என்போம்.

1291-ஆம் ஆண்டில் நடந்த ஆக்கர் முற்றுகையையும் இவர் நேரிற் கண்டார். புதிய ஏற்பாட்டில் பித்தொலோமாய் எனப் பெயர்பெற்ற துறைமுகம் அது. சிரியாவில் சிலுவைப் போராளருக்கு எஞ்சியிருந்த தலைநகரம். மன்சூரி என்னும் பெயருடைய மாபெருங் கல்லெறி பொறி ஒன்று குர்தியர் கோட்டை எனப்பட்ட அரணில் இருந்தது. அதனை ஆக்கருக்குக் கொண்டு சேர்க்கும் பணி ஹமாப் படையினர்க்கு வாய்த்தது. பொறியை உறுப்புறுப்பாகக் கழற்றி நூறு வண்டிகளில் ஏற்றினர். அவற்றுள் ஒரு வண்டிக்குப் பொறுப்பாளர் அபுல்பிதா. அப்போது அவர் பதின்மர்க்குத் தலைவர் என்னும் சிறு பதவியில் இருந்தார். மாரியின் இறுதிக்காலம், மழையும் பனியும் இடைவிடாது பொழிந்தன, வண்டிமாடுகள் குளிரால் நலிந்து மடிந்தன. குதிரையிற் சென்றால் எட்டு நாளில் முடியும் வழி, ஒரு மாதம் பிடித்தது. சலாஹுத்தீன் குலத்து இளவரசர் ஒருவர், உலகப் புகழ் பெற்ற அம்முற்றுகைக்குத் தாம் சென்ற விதத்தைச் சொல்லுமிடத்து, கொடியையும் முரசையும் கூறாமல், சேற்றிற் சிக்கிய ஒரு வண்டியைக் கூறுகின்றார். இவ்வெளிமை பாராட்டற்குரியது.

ஆக்கரின் முன் ஹமாப் படை வலப்புறத்தே கடலோரமாய் நிறுத்தப்பட்டது. பகைவர் மரக்கலங்களிலிருந்து அம்பெய்தனர். ஒரு கலத்தின்மீது கல்லெறி பொறியையும் ஏற்றி வந்து தாக்கினர். ஓர் இரவு எழுந்த புயலில் அப்பொறி உடைந்தொழிந்தது. மற்றோர் இரவில் பரங்கியர் மதிலைவிட்டு வெளிப்பட்டுப் பாசறையுட் புகுந்தனர். கூடாரக் கயிறுகளில் கால் சிக்கி வீழ்ந்தனர். அவருள் ஒருவர் கழிப்பிடக் குழியில் விழுந்து மாண்டார். இத்தகைய சிறு செய்திகளை அபுல்பிதா எழுதி வைத்திராவிடின் நாம் அறிதல் எங்ஙனம்? 1291-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ஆக்கர் வீழ்ந்தது. இருநூறாண்டுக்கு நெருங்க நிகழ்ந்த சிலுவைப் போர்களின் ஒரு பெரும் அத்தியாயம் அத்துடன் முடிந்தது. அம்முடிவைக் கண்டெழுதியவர்களுள் பதினேழு வயதினரான இவரும் ஒருவர்.

ஆசிரியர்

போர்களுக்கிடையே இவருக்குக் கல்வியின் சுவையை ஊட்டிய பெரியார் ஒருவர் ஹமாவில் இருந்தார். அவர் அந்நகரத்துத் தலைமை நீதிபதியாகிய ஜமாலுத்தீன் இப்னு வாசில். தருக்கம், கணிதம், வரலாறு ஆகிய துறைகளில் வல்லவர். 1261-இல் சுல்தான் பைபர்ஸ் அவரைச் சிசிலி மன்னர் மான்பிரதிடம் தூதனுப்பினார். அக்கிறிஸ்தவ மன்னர் கல்வியில் ஆர்வமுடையவர் என்றும், யூக்கிளிதின் வடிவகணித நூலிலிருந்து பத்துத் தேற்றங்களை மனப்பாடமாய் அறிந்தவர் என்றும் கண்டு மகிழ்ந்த இப்னு வாசில், அவருக்கென்று தருக்க நூல் ஒன்றும் இயற்றினார். இரு சமயத்தாரும் வாளேந்தி எதிர்நின்ற அக்காலத்திலேயே, யூக்கிளிது இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தினார் என்பது சிந்திக்கத்தக்கது.

அம்முதியவரிடம் அபுல்பிதா அடிக்கடி சென்றார். யூக்கிளிதின் நூலில் தாம் விடுத்த கணக்குகளைக் காட்டித் திருத்தம் பெற்றார். யாப்பிலக்கணத்திற்கு ஆசிரியர் எழுதிய உரையை அவரிடமே பாடங்கேட்டார். பழைய நூல்களில் வரும் மக்கட்பெயர்களின் சரியான வடிவங்களைக் கேட்டுத் தெளிந்தார். பெயர்களைப் பிழையின்றி எழுதவேண்டும் என்னும் இவ்வொழுங்கு, பிற்காலத்தில் இவருடைய நூல்களின் தலையாய சிறப்பாயிற்று. 1298-ஆம் ஆண்டில் இப்னு வாசில் முதுமையெய்தி மறைந்தார். தாம் அவரால் அடைந்த பயனை மாணவர் தம் நூலில் நன்றியுடன் குறித்துள்ளார்.

நாடு கைவிட்டுப் போதல்

1299-ஆம் ஆண்டு கோடையில் ஹமா மன்னரும் அபுல்பிதாவின் பெரிய தந்தையார் மகனுமாகிய மூன்றாம் மஹ்மூது நோயுற்று இறந்தார். அடுத்து ஆள்வோர் யாவர் என்பதில் உறவினர் தம்முள் ஒத்த முடிவை எய்தவில்லை. கெய்ரோ அரசாங்கம் காலந்தாழ்த்தாது தன் அமீர் ஒருவரை ஆளுநராய் அனுப்பிற்று. நூற்றிருபது ஆண்டு ஆண்ட குலத்தின் உரிமை ஒரே நாளில் முடிந்தது. முன்னோர் அரண்மனையிருந்த நகரிலேயே, அயலார் ஒருவர்பின் ஒருவராய் வந்து ஆள, அவர்களின்கீழ்ப் படைத்தலைவராய் அபுல்பிதா பணிபுரியலானார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இந்நிலையில் உள்ள இளவரசர்க்கு இரு வழிகள் எளியவை. ஒன்று, மங்கோலியரோடு சேர்ந்து கலகஞ் செய்தல்; அக்காலத்து அமீர்கள் சிலர் அவ்வாறே செய்தனர். மற்றொன்று, பழம்பெருமை பேசிச் சோம்பிக் கிடத்தல். அபுல்பிதா இரண்டையும் மேற்கொள்ளவில்லை. ஏவிய பணியைச் செய்தார். கற்றலை விடாது நடத்தினார். அரசுரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் முறையாய்க் கேட்டார்.

கெய்ரோவில் அக்காலத்துச் சுல்தான் அந்-நாசிர் முகமது. அவரும் துன்பப்பட்டவரே. எட்டு வயதில் முடிசூட்டப்பெற்று, அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, 1299-இல் மீண்டும் அழைக்கப்பட்டு, அமீர்களின் கையிற் பாவையாயிருந்து, 1309-இல் மனம் வெறுத்து அரசைத் துறந்து கரக் கோட்டையில் ஒதுங்கியவர். பின்னர் அவர் சிரியாப் படைகளின் துணைகொண்டு அரியணையை மீட்கப் புறப்பட்டபோது அவர் பக்கம் நின்றவர்களுள் அபுல்பிதாவும் ஒருவர். 1310-இல் நாசிர் மூன்றாம் முறை அரியணை ஏறினார். உரிமையிழத்தலின் நோவை அறிந்தவர் ஆதலின், உரிமையிழந்த இளவரசரின் வேண்டுகோளை அவர் மறுக்கவில்லை. ஹமாவிலிருந்த அமீர் உடனே விட்டுக்கொடாமையாற் சிறிது தாழ்ந்து, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அபுல்பிதா ஹமாவின் ஆளுநராய் நியமனம் பெற்றார்.

ஆட்சி

ஆளுநராய்த் தொடங்கிய பதவி படிப்படியாய் உயர்ந்தது. 1312-இல் அல்-மலிக் அஸ்-ஸாலிஹ் என்னும் பட்டத்துடன் இளவரசராயினார். 1319-ஆம் ஆண்டிறுதியில் சுல்தானுடன் மக்கா யாத்திரை சென்று திரும்பினார். 1320-ஆம் ஆண்டு பெப்ருவரியில், கெய்ரோ வீதியில் அமீர்கள் முன்செல்ல, அரசச் சின்னங்கள் சூழ ஊர்வலம் வந்து, அல்-மலிக் அல்-முஅய்யது என்னும் பட்டமும் வழிவழியாய் ஆளும் உரிமையும் பெற்றார். சிரியாவின் ஆளுநர் அனைவர்க்கும் மேலான மதிப்பு இவருக்கு அளிக்கப்பட்டது. சுல்தான் இவருக்கு எழுதும் திருமுகங்களில் தம்மைச் சகோதரன் என்றே குறித்தார் என்பர்.

இவ்வுயர்வின் அடியில் ஓர் அச்சமும் இருந்தது. நாசிர் நட்பிற் கனிந்தவர்; ஐயங் கொள்ளின் கொடியவர். தம்மை முன்னர் அடக்கியாண்ட அமீர் சலாரை 1310-இல் சிறையிலிட்டு மாளச் செய்தார். தமஸ்கின் ஆளுநராய் 1312 முதல் இருபத்தெட்டாண்டு சிரியாவைத் தம் கையில் வைத்திருந்த தங்கிஸ், 1340-இல் ஒருநாள் பிடிக்கப்பட்டுக் கொலையுண்டார். இத்தகைய தலைவரின்கீழ் இருபத்தோராண்டு ஐயத்திற்கு இடமின்றி வாழ்தல் எளிதன்று. அபுல்பிதா பரிசுகளுடன் கெய்ரோ சென்று சுல்தானைக் கண்டார்; வேட்டைக்கு உடன் சென்றார்; தம் எல்லையை விரிக்க ஆசைப்படவில்லை. சிறிய நாட்டைச் செவ்வனே ஆளுதலே தமக்குப் போதும் என்று அமைந்தார். இதனை அடிமைத்தனம் என்பாரும் உளராகலாம். ஆனால் அவ்வமைதியினாற் கிடைத்த ஓய்வை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று நோக்கிய பின்னரே முடிவு கூறுதல் முறையாகும்.

புலவரும் அறிஞரும் அவரது அவையை நாடி வந்தனர். எகிப்து நாட்டுப் பெரும்புலவர் இப்னு நுபாத்தா அவரால் ஆதரிக்கப்பட்டவர். இளவரசர் தாமும் சட்டநூல் ஒன்றைச் செய்யுளாக்கினார். மருத்துவத்திலும் வானநூலிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். ஆற்றங்கரையில் ஒரு பள்ளிவாசல் எழுப்பி அதன் பக்கத்தே தமக்குக் கல்லறையும் அமைத்தார். அதன் பலகணித் தூண்கள் ஒன்றோடொன்று பின்னிய பாம்புகள்போற் செதுக்கப்பட்டமையால், அதனைப் பாம்புப் பள்ளிவாசல் என்றும் மக்கள் வழங்கினர்.

வரலாற்று நூல்

இவருடைய புகழுக்கு அடித்தளமான நூல்கள் இரண்டு. முதலாவது, மனித குல வரலாற்றுச் சுருக்கம் எனப் பொருள்படும் அல்-முக்தஸர். ஆதிமுற்பிதாக்கள், இஸ்ரவேலின் நியாயாதிபதிகளும் அரசரும், பாரசீக மன்னர், எகிப்தின் பார்வோன்கள், கிரேக்கர், ரோமர், பண்டை அராபியர் ஆகியோர் வரலாறு அதன் முற்பகுதி. முகமது நபியின் காலந்தொட்டு 1329-ஆம் ஆண்டு வரை நிகழ்ந்தவற்றை ஆண்டு முறைப்படி கூறுவது பிற்பகுதி. பழங்காலத்திற்கு இப்னுல் அதீர் முதலியோரின் விரிந்த நூல்களைச் சுருக்கினார். தம் காலத்திற்குத் தம் கண்ணையே சான்றாகக் கொண்டார். இந்துக்கள், சீனர், கிறிஸ்தவர், யூதர் ஆகிய பிற இனத்தாரைப் பற்றியும் அந்நூலில் இடந் தந்திருத்தல் அவரது பரந்த நோக்கத்தைக் காட்டும்.

நிலநூல்

இரண்டாவது, 1321-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தக்வீமுல் புல்தான். நாடுகளின் ஒழுங்கு என அதன் பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். அது பிறந்த காரணம் நம் மாணவர் அறியத்தக்கது. முன்னோர் நிலநூல்களை இவர் ஆராய்ந்தபோது ஒவ்வொன்றிலும் ஒரு குறை தோன்றிற்று. வழிகளையும் விளைபொருள்களையும் விரித்துரைத்தவர்கள் ஊர்களின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கூறவில்லை. அவற்றைக் கூறிய வானநூலார் ஊர்ப்பெயரை எவ்வாறு ஒலிப்பது என்று காட்டவில்லை. உயிர்க்குறி இல்லாத அரபு எழுத்தில் ஒரு பெயரைப் பலவாறு படிக்கலாகும். ஆகவே எல்லாவற்றையும் ஒருங்கு சேர்க்க வேண்டும் என்று இவர் துணிந்தார். இப்னு ஜஸ்லா என்னும் மருத்துவர் நோய்களையும் மருந்துகளையும் அட்டவணையாக வகுத்த நூல் ஒன்று இவருக்கு வழிகாட்டியாயிற்று. மருத்துவர் உடம்பிற்குச் செய்ததை இவர் உலகிற்குச் செய்தார். உலகை இருபத்தெட்டுப் பகுதிகளாய்ப் பிரித்து, ஒவ்வோர் ஊருக்கும் பெயர், செய்தி தந்த நூல், நெட்டாங்கு, அகலாங்கு, பெயரின் ஒலிப்பு, சிறு விளக்கம் ஆகியவற்றைக் கட்டங்கட்டமாய் அமைத்தார். இரு நூல்கள் முரண்பட்டால் இரண்டையும் காட்டினார்.

சீனம், இந்தியா, ஆப்பிரிக்காவின் உட்பகுதி ஆகியவற்றைப் பற்றித் தமக்குக் கிடைத்த செய்தி மிகச் சிறிதே என்பதை அவர் மறைக்கவில்லை. முழுவதும் அறியாமையினும் ஒரு பகுதியை அறிதல் நன்று என்பது அவர் கொள்கை. நம் நாட்டுக்கு அவர் வந்தவர் அல்லர். எனினும் குமரிமுனையையும், மிளகு நாட்டின் கடைசி ஊராகிய கொல்லத்தையும், மஅபர் என அராபியர் அழைத்த பாண்டி நாட்டுக் கரையையும், அதன் அரசர்க்கு வெளிநாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்குவதையும் குறித்துள்ளார். ஆசியாற்றங்கரையில் அமர்ந்த ஒருவர் குமரித்துறையை நினைத்தார் என்பது நமக்கு உவகை தருவதாகும்.

அந்நூலின் முகவுரையில் வியத்தற்குரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. பூமி உருண்டை என்பதை விளக்குமிடத்து அவர் மூவரைக் கற்பனை செய்கின்றார். ஒருவர் ஓரிடத்தில் நிற்கிறார். ஒருவர் மேற்கே சென்று உலகைச் சுற்றி அவ்விடத்தை அடைகிறார். மற்றொருவர் கிழக்கே சென்று சுற்றி வருகிறார். மேற்கே செல்பவர் சூரியனைப் பின்தொடர்வதால் அவருடைய ஒவ்வொரு பகலிரவும் சிறிது நீளும். ஆதலின் திரும்பும்போது அவர் கணக்கில் ஒரு நாள் குறையும். கிழக்கே சென்றவர் கணக்கில் ஒரு நாள் மிகும். நின்றவர்க்கு வெள்ளிக்கிழமை என்றால், முன்னவர்க்கு வியாழன், பின்னவர்க்குச் சனி. மூவரும் எண்ணியதிற் பிழையில்லை. மூவர் நாளும் ஒன்றன்று. உலகைச் சுற்றியவர் எவரும் இல்லாத காலத்தில் அறிவினாலேயே கண்ட முடிபு இது. இருநூறாண்டு கழித்து, மாகெல்லனுடைய கப்பலாட்களில் எஞ்சியோர் மேற்குமுகமாய் உலகைச் சுற்றி, 1522-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பச்சைமுனைத் தீவுகளை அடைந்தனர். தங்கள் குறிப்பேட்டில் புதன்கிழமையாயிருந்த நாள் கரையில் வியாழனாயிருக்கக் கண்டு திகைத்தனர். அத்திகைப்பிற்கு விடை ஹமாவில் முன்னமே எழுதப்பட்டிருந்தது.

இறுதியும் எஞ்சியதும்

1331-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், ஐம்பத்தெட்டு வயது நிறையுமுன்னர், அபுல்பிதா ஹமாவில் உயிர்நீத்தார். தாம் அமைத்த கல்லறையிலேயே அடக்கம் பெற்றார். சுல்தான் வாக்களித்தபடி அவர் மகன் அல்-அப்தல் முகமது பட்டமெய்தினார். புலவர் இப்னு நுபாத்தா, தந்தைக்கு இரங்கலும் மைந்தர்க்கு வாழ்த்தும் ஒரே பாட்டில் அமைய இயற்றிய செய்யுள் அரபு இலக்கியத்திற் புகழ்பெற்றது. ஆனால் அவ்வாழ்த்து நெடிது நிற்கவில்லை. 1341-இல் நாசிர் இறந்தார். அவ்வாண்டே அல்-அப்தல் பதவியினின்று நீக்கப்பட்டுத் தமஸ்குக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டில் மறைந்தார். வழிவழியாய் ஆளும் உரிமை என்று ஊர்வலத்துடன் தரப்பட்டது இருபத்தோராண்டில் முடிந்தது. ஹமா மறுபடியும் கெய்ரோ அனுப்பிய அமீர்களுக்கு உரியதாயிற்று.

நூல்களின் வரலாறோ வேறு. அல்-முக்தஸரை இப்னுல் வர்தி என்பார் தொடர்ந்தெழுதினார். நிலநூலின் சில பகுதிகளை ஜான் கிரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1650-இல் இலண்டனில் அச்சிட்டார். நபியின் வாழ்க்கை கூறும் பகுதியை 1723-இல் காஞ்யே என்பவர் ஆக்ஸ்போர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். ரைஸ்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் வறுமையில் உழன்றுகொண்டே செய்த மொழிபெயர்ப்பு, அவர் இறந்த பின்னர் 1789 முதல் 1794 வரை கோபனேகன் நகரில் ஐந்து தொகுதிகளாய் வெளிவந்தது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன், இஸ்லாமியர் வரலாற்றைக் கூறுமிடங்களில் இவரையே பன்முறை சான்றாய்க் கொண்டார். நிலநூலின் அரபு மூலம் 1840-இல் பாரிசில் முழுமையாய் அச்சேறிற்று. சந்திர மண்டலத்திலுள்ள ஒரு வட்டப் பள்ளத்திற்கும் வானநூலார் இவர் பெயரை இட்டிருக்கின்றனர். ஒரு மாகாணத்தைக்கூடத் தம் மகனுக்கு நிலைநிறுத்த இயலாதவர்க்கு, எவராலும் பறிக்கவொண்ணாத நிலம் அங்கே கிடைத்தது.

நம் கல்லூரியிற் பயில்வோர் பலர் நாளை பிறர்கீழ்ப் பணிபுரிவோராய்ச் செல்வர். பதவி தருவாரும் எடுப்பாரும் எக்காலத்தும் உளர். வேலைப்பளுவும் ஓய்வின்மையும் சொல்லிக் கற்பதை நிறுத்திவிடுதல் எளிது. பனியிற் சாகும் மாடுகளோடு ஒரு மாதம் வண்டி ஓட்டியவர், போர்களுக்கிடையே ஆசிரியரிடம் கணக்கைக் காட்டித் திருத்தம் பெற்றார் என்பதை நாம் மறவாதிருப்போமாக. ஹமாவின் ஆறு தானாக வயலுக்கு வாராது. சக்கரம் சுழன்றாலே வரும். கல்வியும் அத்தன்மைத்தே. தமக்கு வாய்த்த சிறு ஓய்வைச் சக்கரமாக்கி அறிவுநீரை மேலேற்றிய அபுல்பிதாவின் வாழ்க்கை, அரசுரிமை இல்லாத நமக்கும் உரிய பாடமாகும்.